படகுப் பட்டறையில் செய்த வின்ச் பம்பர்: ஒரு கச்சான், ஒரு வாடைக்குப் பிறகு

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையோர வெல்டிங் பட்டறைகள் பலவற்றுக்குச் சோறு போடுவது படகுதான். சுக்கான், வலை இழுக்கும் வின்ச்சின் சட்டம், தளத்துக் கைப்பிடிக் குழாய் என்று உப்புத்தண்ணீரில் நிற்க வேண்டிய இரும்பையே நாள் முழுக்க வெட்டி ஒட்டுகிறவர்கள். அப்படியொரு பட்டறையில் மஹிந்திராவின் பழைய தார் சிஆர்டிஇ ஜீப்புக்கு அடித்த வின்ச் பம்பரைப் பற்றியது இந்த மதிப்பீடு. புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் மோட்டார்தான் இந்த வின்ச், அதைத் தாங்குவது இந்தப் பம்பர். பட்டறையின் பெயர் வேண்டாம், குறைகளையும் சொல்லப்போகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வெல்டிங்குக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகப் போகலாம். அளவை மட்டும் அவர்கள் கையில் விடக்கூடாது.

பழைய தார் என்பதற்குக் காரணம் உண்டு. அதில் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டியின் முன்னால் விறைப்பான இரும்பை மாட்டினால் மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச்சேரும் விதமே மாறிவிடும், ஆகவே அந்த வண்டிகளுக்கு இந்த வேலையே வேண்டாம். சட்டமும் இதற்குச் சாதகமாக இல்லை. வண்டியின் முன்னால் இப்படிக் கம்பி மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு முரண் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. எப்.சி.க்குப் போகும்போதும், இன்சூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

வின்ச் 9500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை. ஆளும் சாமானும் ஏறிய வண்டியின் எடையைப் போல் ஒன்றரை மடங்கு என்ற கணக்குக்கு இது போதும். ஆனால் அந்த 4,300 கிலோ இழுவை, கயிறு சுற்றும் டிரம்மின் முதல் அடுக்குக்கு மட்டும்தான். கயிறு முழுக்கச் சுற்றியிருக்கும்போது இழுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ போய்விடும்.

இப்போது பட்டறைக்கு வருவோம். இரும்புக்கும் கிலோ கணக்கு, கூலிக்கும் கிலோ கணக்கு. படகு வேலைக்கு அது நியாயம். பம்பருக்கு அதுதான் முதல் வம்பு. "கனமாப் போட்டாத்தாண்ணே நிக்கும்" என்று எல்லாவற்றுக்கும் 8 மி.மீ. பிளேட்டை எடுத்து வைப்பார்கள். கணக்குப் பாருங்கள்: 8 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 62.8 கிலோ, 6 மி.மீ. 47.1 கிலோ, 5 மி.மீ. 39.25 கிலோ. வின்ச் உட்காரும் தட்டு 700-க்கு 400, முகப்பு 1500-க்கு 250 மி.மீ. என்று வைத்தால், இரண்டையும் 8-இல் போடும்போது 41 கிலோ வரும். தட்டு 6, முகப்பு 5 என்று போட்டால் 28 கிலோ. இந்த இரண்டு துண்டிலேயே 13 கிலோ வித்தியாசம், அதற்குக் கூலியும் நம் தலையில். 8 மி.மீ. தேவைப்படுவது சேசிஸைப் பிடிக்கும் பக்கத் தகடுகளுக்கு மட்டும். முகப்பு வெறும் முகம். இழுவை அதன் வழியாகப் போவதில்லை.

இழுவை போகும் வழி வின்ச் தட்டு, பக்கத் தகடு, சேசிஸ் நுனி. இந்தச் சங்கிலியில் பட்டறை சறுக்கிய இடம் தட்டின் துளைகள். இந்த அளவு வின்ச்சுகளுக்குத் துளை இடைவெளி பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம்: 254-க்கு 114.3 மி.மீ. பட்டறையில் டேப்பைப் பிடித்து 250, 115 என்று முழுசாக்கிக் குறித்தார்கள். 115 தப்பிக்கும், 250-இல் போல்ட் இறங்காது. இறங்காததும் கேஸ் கட்டரை எடுத்துத் துளையை நீட்டிவிட்டார்கள். நீண்ட துளையில் எம்10 போல்ட் தளர்ந்து ஆடும், கருகிய விளிம்பில் வாஷர் சமமாக உட்காராது. தட்டையே மாற்ற வேண்டி வந்தது. 11 மி.மீ. பிட்டில் டிரில் செய்த துளைதான் சரி. மதுரையில் லேசர் கட்டிங் செய்த தட்டைக் கையோடு கொண்டுபோனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தட்டு வளையாமல் இருப்பது அதைவிட முக்கியம். நீளமாக ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினால் தட்டு படகு மாதிரி குழிந்துவிடும். அதன்மேல் வின்ச்சை இறுக்கினால் மோட்டார் ஒரு பக்கமும் கியர்பாக்ஸ் ஒரு பக்கமும் இழுபட்டு டிரம் இறுகும். வின்ச்சின் கிளட்ச்சை விடுவித்துக் கயிற்றைக் கையால் இழுத்தால் வராது. வின்ச் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புவார்கள், பழுது தட்டில் இருக்கும். 40 மி.மீ. வெல்டு, ஒரு இடைவெளி, பிறகு எதிர்ப்பக்கம் 40 என்று மாறி மாறி வைக்கச் சொல்ல வேண்டும். கீழே 50 ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே கிளாம்ப் போட்டு இறுக்கிவைத்துச் செய்தால் இன்னும் நல்லது. இரண்டாவது தட்டை அப்படித்தான் செய்தார்கள். இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை.

முகப்பில் கிளட்ச் லீவருக்கு வழி விட்டிருக்கிறார்களா என்று வெட்டுவதற்கு முன்பே பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். கயிறு டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மேல்பக்கமாக வந்தால் சுழற்சி தலைகீழாகி, டிரம்முக்குள் பிரேக் உள்ள வின்ச்சுகளில் பிரேக் பிடிக்காது.

வெல்டிங்கைக் குறை சொல்ல முடியாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், கேஸ் போர்வைக்குள் ஒட்டும் சிஓடூ மிஷினை மூடிவைத்துவிட்டு வெல்டிங் ராடைக் கையில் எடுத்தார்கள், அந்த ஒரு செய்கையிலேயே அனுபவம் தெரிந்தது. லேசான காற்றே கேஸ் போர்வையைக் கலைத்துவிடும். வெல்டுக்குள் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஓட்டை விழும். பம்பரின் உடம்புக்கு 6013 ரக ராடு போதும். பக்கத் தகட்டுக்கும் கொக்கிக் காதுக்கும் 7018 ரகம் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் காயவைத்த ராடாக. கடற்கரை ஈரத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்த 7018 தண்ணீரைக் குடித்திருக்கும். 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டெடுக்காமல் வைத்தால் ஆறிய பிறகு விரிசல் விடலாம். இங்கே அடுப்பு இருந்தது, ஆனால் கேட்டால்தான் பற்றவைக்கிறார்கள்.

கொக்கிக் காதுகள் 20 மி.மீ. பிளேட், 24 மி.மீ. துளை, 4.75 டன் ஷேக்கிளின், அதாவது இழுவை வளையத்தின் 22 மி.மீ. பின் அதில் சுகமாக ஏறும். காதை முகப்பின் மேல் ஒட்டவைக்கக் கூடாது. முகப்பில் வரி வெட்டி உள்ளே நுழைத்து, பக்கத் தகட்டோடு சேர்த்து இருபுறமும் வெல்டு வைக்க வேண்டும். ஸ்னாட்ச் பிளாக் என்ற கப்பியைப் போட்டுக் கயிற்றைத் திருப்பிக்கொண்டுவந்து இதே காதில் மாட்டினால் பம்பர் தாங்க வேண்டியது எட்டரை டன்னுக்கு மேல். படகில் கப்பிக் கணக்குப் பழகிய பட்டறைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரிந்தது. சேசிஸில் பிடிக்க எம்12, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், பக்கத்துக்கு நான்கு. துருப்பிடிக்காது என்று சொல்லி எவர்சில்வர் போல்ட்டை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். சாதாரண 304 போல்ட்டுக்கு அந்த வலு இல்லை. உப்பு ஈரத்தில் அதைச் சுற்றியுள்ள சாதா இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். சேசிஸில் நேராக வெல்டு வைக்கவும் விடாதீர்கள். வண்டியில் பம்பர் இருக்கும்போது ஒரு சின்னப் பொட்டு வெல்டு வைப்பதானாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

துருவில்தான் இந்தப் பட்டறை மதிப்பெண் வாங்குகிறது, அங்கேயே கொஞ்சம் இழக்கவும் செய்கிறது. புதுப் பிளேட்டின் நீலக்கறுப்புச் செதிளை முழுக்கத் தேய்த்து எடுத்தார்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அன்றைக்கே துத்தநாக எபாக்ஸி பிரைமர் அடித்தார்கள். ஒரு ராத்திரி விட்டால் போதும், உப்புக்காற்றில் வெறும் இரும்பு விடிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். அடுத்து எபாக்ஸி இரண்டு கோட், வெயிலில் எபாக்ஸி வெளுத்து மாவாகும் என்பதால் மேலே பாலியூரித்தேன். ரெட் ஆக்சைடு அடித்துக் கறுப்பு எனாமல் பூசும் வேலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒரு கச்சான், ஒரு வாடை என்று இரண்டு காற்றுப் பருவம் தாண்டி முகப்பின் பரந்த பகுதியில் ஒரு புள்ளி துரு இல்லை. துரு வந்தது விளிம்பில். வெட்டிய கூர்முனையில் பெயிண்ட் நிற்காமல் விலகி மெலிந்துவிடும். கிரைண்டரால் 2 மி.மீ. உருட்டிவிட்டு, விளிம்புக்கும் வெல்டுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது. இன்னொன்று, மேல் வளையக் குழாய். ஒன்றரை அங்குல பி கிளாஸ், இரு முனையும் அடைத்தது. அடிப்பக்க மூட்டில் ஓர் ஊசிக்கண். அதிலிருந்து வெற்றிலை எச்சில் வழிந்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பகலில் குழாய் சூடேறிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. தாழ்வான இடத்தில் 8 மி.மீ. துளை இரண்டு போட்டு, உள்ளே மெழுகோ எண்ணெயோ ஊற்றிச் சுழற்றினால் தீர்ந்தது. தட்டும் முகப்பும் சேரும் மூலையிலும் 12 மி.மீ. வடிகால் நான்கு வேண்டும். இல்லையென்றால் தனுஷ்கோடி மணல் அங்கே ஈரத்தோடு குந்திக்கொள்ளும்.

பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80 கிலோவை நெருங்கும், முன்பக்கம் தாழும். இந்தத் தாரில் முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்) என்பதால் அட்ஜஸ்ட் போல்ட்டைச் சிறிது ஏற்றி உயரத்தைத் திரும்பப் பெறலாம். பழைய உயரத்தோடு நிறுத்திவிட்டு அலைன்மென்ட் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஆக்சில் மூட்டுகள் கோணலாகித் தேயும். வின்ச் கிரில்லை மறைக்காமல் தாழ உட்கார வேண்டும். இந்த ஊர் வெயிலில் ரேடியேட்டருக்குக் காற்று குறைவதை மீட்டர் முள்ளே காட்டிக்கொடுத்துவிடும்.

வயரிங்கைப் பட்டறையிடம் கொடுக்க வேண்டாம். முழு இழுவையில் 400 ஆம்பியர் பக்கம் போகும், 35 சதுர மி.மீ. செம்புக் கேபிளுக்குக் குறையக் கூடாது. எர்த்தைச் சேசிஸில் கட்டாமல் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள். ரிலே பெட்டியை வின்ச் மேலிருந்து கழற்றி பானட்டுக்குள் வைத்தால் ஆயுள் கூடும். கம்பிக் கயிற்றை விட டைனீமா வகைச் செயற்கை இழைக் கயிறு இங்கே பொருத்தம், எடையும் குறையும். ஆனால் இழைக்குள் புகும் மணல் உள்ளிருந்தே அறுக்கும். கடற்கரைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் முழுக்க அவிழ்த்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

மணலில் டயர் காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே பெரும்பாலும் வண்டி வெளியேறிவிடும், வின்ச்சைத் தொட வேண்டியதில்லை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளச் சேறு வேறு ரகம். மட்கார்டு வரை புதைந்தால் இழுக்க வண்டி எடையைப் போல் இரண்டு மடங்கு தேவைப்படும். 9500 பவுண்டு வின்ச் அங்கே தனியாக ஜெயிக்காது, ஸ்னாட்ச் பிளாக் கட்டாயம். கட்டுவதற்குப் பனை கிடைத்தால் பட்டையை அடிமரத்தோடு தாழ்வாகக் கட்டுங்கள். உடைமரத்தை நம்பாதீர்கள்.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறிப் பழுதுபார்க்க நிற்கும் 61 நாள் அது. அப்போது பம்பரைக் கொண்டுபோனால் ஓர் ஓரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, "படகு இறங்கட்டும்ணே" என்பார்கள்.