லாங் பஜார் மாடிக்கடையும் அப்பாவின் ஜிம் ரீவ்ஸ் கேசட்டும்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் மாடிப்படி ஏறினால் ஒரு டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை. பழைய கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தருகிறார். பக்கத்துக்கு 150 ரூபாய், பென் டிரைவ் நம்முடையது. நான் கொடுத்தது ஒரே ஒரு 60 நிமிடக் கேசட். அட்டையில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ‘ஜிம் ரீவ்ஸ், பக்தி’. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பக்திப் பாடல்கள்.

அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டு. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர் தன் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்தது இது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புவதற்குள் இரண்டு பக்கமும் ஓடி முடிந்துவிடும். ரீவ்ஸ் டெக்சஸ்காரர், பேஸ்பால் ஆடப் போய்க் காலில் அடிபட்டு, ரேடியோ அறிவிப்பாளராகி, பிறகு பாடகரானவர் என்று அப்பா சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார். 1964 ஜூலை 31 அன்று, தானே ஓட்டிய சிறிய விமானம் நாஷ்வில் அருகே இடிமழையில் விழுந்து இறந்துபோனார் ரீவ்ஸ். வயது 40. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் புதுத் தட்டுகள் வந்துகொண்டே இருந்ததால், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று அப்பா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வேலை தெரிந்தவர். திருகைக் கழற்றி, விழுந்துபோன ஸ்பாஞ்சை மாற்றினார். பூஞ்சை பிடித்த நாடாவைத் துணியில் ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் ஓட்டினார். மூன்று நாளில் தருகிறேன் என்றவர் பதினொரு நாள் இழுத்தடித்தது தனிக்கதை.

முதலில் கொடுத்த பிரதி எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று கம்ப்யூட்டரில் வழித்தெடுத்திருந்தார், கூடவே மூச்சும் போய்விட்டது. ரீவ்ஸிடம் மூச்சுதானே பாதிப் பாட்டு! 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாடும்போதே உரக்கப் பாடுவதை விட்டு, மைக்கில் உதடு படுகிற நெருக்கத்தில் முனகினாற்போலப் பாட ஆரம்பித்தவர் அவர். “இரைச்சல் இருக்கட்டும்ணே, அப்படியே போடுங்க” என்றேன். முகம் சுளிக்காமல் மறுபடி எடுத்தார்.

இரண்டாவது பிரதி சுத்தமாக இருந்தது. ஆனால் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது, கொஞ்சம் இளசாக, கொஞ்சம் அவசரமாக. கேட்டால் சிரித்தார். “வூட்டு மெஷின்ல பெல்ட் எப்ப சார் மாத்துனீங்க?”

“மாத்துனதே இல்லையே.”

“அப்ப இன்னா? பெல்ட் தொய்ஞ்சா மெதுவாத்தான் ஓடும், கொரலும் எறங்கிப்பூடும். இதான் சார் சரியான ஸ்பீடு.”

ஆக, இத்தனை வருஷமும் நாங்கள் கேட்டது ரீவ்ஸ் பாதி, தொய்ந்த பெல்ட் பாதி. வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, “இது உங்கப்பா கேசட் இல்ல” என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் போய் இன்னொரு பிரதி, கொஞ்சம் மெதுவாக, வேண்டுமென்றேன். ஒரு மாதிரி பார்த்தார். வேகத்தைக் குறைத்துக் குறைத்து, நான் போதும் என்று தலையாட்டும்வரை உட்கார்ந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறை என்றால், பாட்டுப் பெயர் போடமாட்டார், வெறும் எண்தான். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிவதற்குள் வெட்டுப்பட்டிருந்தது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் 2 முதல் 4 வரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார், ஞாயிறு விடுமுறை.