நியூசிலாந்து ஸ்பேக்னம் பாசி, 150 கிராம் கட்டி: மஸ்டெவாலியாவுக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆண்டீஸ் மலையின் மேகக்காடுகளில் மரக்கிளைப் பாசிக்குள் வேரோடிக் கிடக்கும் ஆர்க்கிட் மஸ்டெவாலியா. தண்ணீர் சேர்த்துவைக்க அதற்குக் குமிழ்த்தண்டு கிடையாது. வேர் ஒருநாளும் முழுக்கக் காயக் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்ப இந்த உலர்ந்த சதுப்புநிலப் பாசியைவிட நல்லது இல்லை. பொள்ளாச்சித் தேங்காய்மட்டைத் துண்டுகள் விலை மலிவுதான். ஆனால் பலமுறை அலசாவிட்டால் அதிலுள்ள உப்பை இந்த மெல்லிய வேர்கள் தாங்காது.

150 கிராம் கட்டி ஊறினால் ஏறக்குறைய 12 லிட்டராகப் பொங்கும். 8 செ.மீ. தொட்டி இருபத்தைந்துக்குத் தாராளமாகக் காணும். பிரித்ததும் இழையைப் பாருங்கள்: விரல் நீளத்துக்கு, வெளிர்பொன் நிறத்தில் இருந்தால் முதல் தரம். தூளும் குச்சியுமாக இருந்தால் சீக்கிரமே மட்கிவிடும்.

மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ அரைமணி நேரம் ஊறவையுங்கள். கைநிறைய அள்ளி, சொட்டு நிற்கும்வரை பிழிந்து, இழைகளை உதறிப் பிரியுங்கள். தொட்டியின் அடியில் தெர்மோகோல் துண்டுகள் நாலைந்து. வேரைச் சுற்றிப் பாசியைத் தளர்வாக வையுங்கள். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் மேலெழும்ப வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கெட்டியாகத் திணித்தால் மேலே காய்ந்தாற்போலத் தெரியும், நடுவில் ஈரம் தேங்கி வேர் அழுகும். மேல்பாசியை மட்டும் பார்த்துத் தண்ணீர் விடாமல், தொட்டியைக் கையில் தூக்கி எடையைப் பாருங்கள்.

போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பைப் பாசி பிடித்துவைத்துக்கொள்ளும். இலைநுனி கருகுவதுதான் முதல் அறிகுறி. உரத்தையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கு மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். இடையில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்தில் பாசி பழுப்பாகிக் குழையும். அப்போது மாற்றியே ஆக வேண்டும். வெயில் ஏறும் மாதங்களில் அந்த வேலை வேண்டாம்.

சென்னை, மதுரைக்காரர்கள் இதை நம்பி மஸ்டெவாலியா வாங்க வேண்டாம். பாசி ஈரம் தரும். மஸ்டெவாலியாவுக்கு வேண்டிய இரவுக் குளிரைத் தராது.

உலர்ந்த கட்டியை உடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஸ்பேக்னத்தில் வாழும் ஸ்போரோத்ரிக்ஸ் பூஞ்சை, சிறு கீறல் வழியாகக்கூடத் தோலில் புண்ணை உண்டாக்கும்.