யாப்புச் செயலி: தளை பார்க்க நம்பலாம், உணர்வு பார்க்க வேண்டாம்

மரபுக் கவிதை ஒன்றை உள்ளிட்டால் அசை (ஓசைத் துண்டு), சீர் (அசைகள் சேர்ந்தது), தளை (அடுத்தடுத்த சீர்கள் இணையும் விதம்) எல்லாம் பிரித்துப் போட்டு, என்ன பா என்று சொல்லி, கடைசியில் 'கவிதையின் உணர்வு' என்று ஒரு வரியும் தருகிற செயலி இது. வெண்பா எழுதிப் பழகுகிறவர்கள் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். நேரசை (மெய் நீங்கலாக ஓரெழுத்து), நிரையசை (மெய் நீங்கலாக ஈரெழுத்து) பிரிப்பதில் பிசகு இல்லை, தளை தட்டுகிற இடம் சிவப்பில் தெரியும், வெண்பாவின் ஈற்றுச்சீர் (கடைசிச் சீர்) நாளா, மலரா, காசா, பிறப்பா, அந்த நான்கு வாய்பாட்டில் எது என்பதையும் சொல்லிவிடும். எதுகை, மோனைக்குத் தனி நிறம்.

குற்றியலிகரம் (குறுகி ஒலிக்கும் இகரம்) வந்தால்தான் சறுக்குகிறது. 66-ஆம் குறளை ('குழல் இனிது யாழ் இனிது என்பதம் மக்கள் / மழலைச்சொல் கேளா தவர்') எடுத்து, முதல் அடியைப் பழைய முறைப்படி சேர்த்து, 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்' என்று தட்டிப் பாருங்கள். 'தியா'வை நிரையாக எடுத்துக்கொண்டு, விளத்துக்கு, அதாவது நிரையில் முடியும் ஈரசைச் சீருக்கு, பின் நேர் வராமல் நிரை வந்துவிட்டது, தளை தப்பு என்கிறது. தளை கெடும் இடத்தில் குற்றியலிகரம் அலகு பெறாது (எழுத்தாக எண்ணப்படாது) என்று யாப்பருங்கலக் காரிகை என்ற யாப்பு நூல் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தத் 'தி'யைக் கணக்கில் சேர்க்காவிட்டால் யாழினி, கூவிளம் (நேர், நிரை), அவ்வளவுதான். புதிதாக யாப்பு படிக்கிறவர் குறளிலேயே பிழை இருக்கிறது என்று நம்பிவிடுவார், அதனால் இதை முதலில் திருத்த வேண்டும்.

என் பெரிய மனக்குறை உணர்வுப் பகுதிதான். அதே குறளுக்கு 'மகிழ்ச்சி' என்று ஒரே சொல். குழல், யாழ், இனிது என்ற சொற்களை வைத்து முடிவு கட்டுகிறது போல. ஆனால் இந்தக் குறள் மழலையைக் கேட்டு மகிழ்கிறவர்களைப் பற்றியது இல்லையே, தம் மக்களின் மழலையைக் கேளாமல், குழலும் யாழும் இனிது என்று சொல்கிறவர்களைப் பற்றியது. அவர்கள் மேல் ஒரு பரிவும் லேசான கண்டிப்பும் சேர்ந்தே இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் இன்னும் தெரியும்: இப்படிச் சேர்த்தெழுதிய வடிவில் ஏழு சீருக்குள் மூவசைச் சீர் 'மழலைச்சொல்' ஒன்றுதான், குரல் அங்கே நிதானித்துவிட்டு 'கேளா தவர்' என்று சட்டென்று முடிந்துவிடுகிறது. செயலியே தன் அட்டவணையில் 'மழலைச்சொல்' என்பதைப் புளிமாங்காய் (நிரை, நேர், நேர்) என்று குறித்திருக்கிறது, ஆனால் உணர்வு சொல்லும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செப்பலோசை (வெண்பாவின் ஓசை) என்று பெயர் போட்டுவிட்டு, அந்த ஓசை இந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதாவிட்டால் அசை பிரித்து அலகிட்டுப் பார்த்து என்ன பயன்?

புதுக்கவிதையைக் கொடுத்தால் பா வகை இல்லை என்று கைவிரித்துவிடுகிறது, அது சரிதான்.

தளை சரிபார்க்க இதை வைத்துக்கொள்ளுங்கள். உணர்வுப் பகுதியை அமைப்புகளில் போய் அணைத்துவிட முடியும், நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.