பைக்யூப்ட் பலகை: செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் பேச இது போதுமா?

நாசாவின் வி-ஆர்3எக்ஸ் திட்டத்தில் 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸின் டிரான்ஸ்போர்ட்டர்-1 ஏவலில் போன மூன்று 1யூ (10 செ.மீ. கனசதுர அளவு) செயற்கைக்கோள்கள், வலைப்பின்னலாகப் பேசிக்கொண்டு இடைத்தூரமும் அளந்தன. அவற்றின் அடித்தளம் பைக்யூப்ட் (PyCubed) என்ற சிறு செயற்கைக்கோள் கணினிப் பலகை. வரைபடம், நிரல் எல்லாம் திறந்தவை. அதனால் பலகையை அச்சடித்து நாமே பற்றவைக்கலாம்.

மூளை 120 மெகாஹெர்ட்ஸ் சாம்டி51 நுண்கட்டுப்படுத்திச் சில்லு. நிரல் எழுதுவது சர்க்யூட் பைத்தானில், அதாவது சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழியில். யூஎஸ்பி செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். கோப்பைத் திருத்திச் சேமித்ததும் ஓடத் தொடங்கும். மேசைச் சோதனைக்கு இதைவிட வசதியான பலகை அரிது.

ரேடியோ 1 வாட் லோரா, அதாவது குறைந்த வேகத்தில் நெடுந்தூரம் எட்டும் பண்பேற்ற முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 437 மெகாஹெர்ட்ஸில் 1000 கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 145 டெசிபல். ஆன்டெனா ஆதாயம் சுழியம் என்றால், அனுப்பும் 1 வாட், அதாவது 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்), எதிர்முனைக்கு வருவது மைனஸ் 115 டிபிஎம். எஸ்எஃப் என்பது லோராவின் பரவல் எண்; அது கூடினால் வேகம் குறைந்து உணர்திறன் ஏறும். எஸ்எஃப்7, 125 கிலோஹெர்ட்ஸ் அகல அமைப்பில் ரேடியோ கேட்கக்கூடிய எல்லைக்கு மேல் மிஞ்சுவது எட்டு டெசிபல் போல. இரு கோள்களும் உருண்டுகொண்டிருக்கும்போது ஆன்டெனாவின் குருட்டுத் திசை ஒன்றே அதை விழுங்கிவிடும். எஸ்எஃப்10க்குப் போனால் இன்னும் எட்டு டெசிபலுக்குமேல் கிடைக்கும். ஆனால் 60 பைட் செய்தி 0.11 நொடியில் போவதற்குப் பதில் 0.7 நொடி பிடிக்கும். மின்கலச் செலவும் அதே விகிதத்தில் ஏறும். உணர்திறனுக்கு ஆசைப்பட்டு அலைவரிசை அகலத்தை 31 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்காதீர்கள். லோரா தாங்கும் அதிர்வெண் பிழை அகலத்தில் கால் பங்கு, அதாவது 8 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. அதிர்வெண்ணைத் தரும் படிகங்கள் இருபக்கமும் எதிரெதிராக 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) விலகினாலே 8.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒரே பாதையில் முன்பின்னாகப் போகும் கோள்களிடையே டாப்ளர் விலகல் (ஒன்றையொன்று நெருங்குவதாலோ விலகுவதாலோ வரும் அதிர்வெண் மாற்றம்) அற்பம், படிகம்தான் வில்லன்.

பலகையின் உண்மையான பலவீனம் நேரம். பைத்தான் நினைவகத்தைத் துப்புரவு செய்யும்போது நிரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆளுக்கொரு நேரத்துண்டு ஒதுக்கிப் பேசும் முறையில், துண்டுகளுக்கிடையே சில மில்லிநொடி மட்டுமே இடைவெளி வைத்தால் செய்திகள் மோதும், இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். வரும் செய்தியைத் தாங்கும் பஃபரைத் (தற்காலிக நினைவகப் பகுதியை) தொடக்கத்திலேயே ஒருமுறை ஒதுக்கி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நினைவகம் துண்டுதுண்டாகி, இடம் மிச்சமிருந்தும் ஒதுக்கீடு தோற்கும்.

இதைவிட நயவஞ்சகமானது, ஓடிய நேரத்தை எண்ணும் மோனோடானிக் கடிகாரம். அது தசமப்புள்ளி எண்ணாகத் திருப்பித் தருவதால், ஓட ஓடத் துல்லியம் கரையும். ஒரு நாளிலேயே பத்து மில்லிநொடிக்கு மேல் தாவித் தாவி நகரும். மேசையில் அரைமணி ஓட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது. நானோநொடி முழு எண் வடிவத்தையே பயன்படுத்துங்கள். செய்தி வரிசை எண்ணை நிலையான நினைவகத்தில் ஒவ்வொரு செய்திக்கும் எழுதுவதும் வேண்டாம். அது ஃபிளாஷ், தேயும். நூறுக்கு ஒருமுறை போதும்.

தூரம் அளக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் எஸ்எக்ஸ்1280 சில்லைச் சேர்த்தால், அதன்பின் வைக்கும் திறன்பெருக்கியும் கேபிளும் தாமதம் கூட்டும். சுற்றுப்பயண நேரத்தில் 10 நானோநொடி கூடினால் 1.5 மீட்டர் பிழை. தெரிந்த நீளக் கேபிளும் குறைப்பானும் (சமிக்ஞையை வலுக்குறைக்கும் கருவி) கொண்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக அளவுதிருத்துங்கள். வெப்ப அறையிலும் ஒருமுறை.

நிலைத் தகவல், நேர ஒத்திசைவு, சிறு கட்டளைகள் பரிமாற இந்தப் பலகையைத் தயங்காமல் எடுக்கலாம். கோளிலிருந்து கோளுக்குப் படம் அனுப்ப நினைப்பவர்கள் வேறு ரேடியோ பாருங்கள்.