புட்டியைக் கடைக்கு அனுப்புவதா, ஆளைத் தோட்டத்துக்கு வரவழைப்பதா?

பேரணாம்பட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் பட்டறை நடத்தி வந்த என் மாமா மகன், அதை விற்ற பணத்தோடு வேலூர் வந்தான். "மச்சான், வி.கோட்டா தாண்டி கோலார் பக்கம் ஒரு சின்ன ஒயினரியில, அதான் திராட்சையில ஒயின் தயாரிக்கிற இடத்துல, பங்கு தராங்களாம். போடலாமா?"

"ஒயின் ஷாப்பா?" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் பிராந்திக் கடை. அங்கே போய் நிஜமாகவே ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ருசி பற்றி எனக்குத் தெரியாது, பணம் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று மட்டும் தெரியும். ஒரு டன் திராட்சைக்கு ஏறக்குறைய 650 லிட்டர் ஒயின், அதாவது 850 புட்டி சொச்சம். பத்து டன் போட்டால் 8,500 புட்டி. பிப்ரவரி, மார்ச் அறுவடையில் விவசாயிக்குக் காசு கொடுத்தாக வேண்டும். வெள்ளை ஒயினை அந்த வருஷமே விற்கலாம். நல்ல சிவப்பு ஒயின் ஒன்றிரண்டு வருஷம் தொட்டியிலும் பீப்பாயிலும் தூங்கும். "தோலை வாங்கி குடோன்ல போட்டுட்டு ஆர்டருக்குக் காத்திருக்கிற மாதிரி," என்றான். அதேதான் மாப்ள, ஆனால் இன்னும் நீளமான காத்திருப்பு.

முதல் வழி, கடைகளுக்குப் போடுவது. கேட்க எளிது. ஆனால் மது மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் சரக்கு. ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைத் தனித்தனியாகப் பதிய வேண்டும், கட்டணமும் தனித்தனி. நூறு பெட்டி விற்பவனுக்கு அந்தக் கட்டணம் புட்டிக்குப் புட்டி உறைக்கும், லட்சம் பெட்டி விற்பவனுக்கு அது தூசு. இங்கே தமிழ்நாட்டிலோ 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். வாங்குபவர் ஒரே ஒருவர் என்றால் பேரம் பேச என்ன இருக்கிறது?

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. கண்ணாடிப் புட்டி, கார்க், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி கட்டுவோம். ஷூவுக்குப் பொருள் வாங்கும்போது கட்டியதை, ஷூ விற்கும்போது கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் அவன் கழித்துக்கொண்டான். ஒயினில் அது கழிக்கவே முடியாது, அப்படியே அடக்கவிலையில் போய் உட்கார்ந்துவிடும். இதைச் சொன்னதும்தான் அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

இரண்டாவது வழி, தோட்டத்து வாசலிலேயே விற்பது. சூலா என்ற ஒயின் கம்பெனி 2005-ல் தன் நாசிக் தோட்டத்தில் ஒயின் ருசிக்கும் கூடம் திறந்தது. இன்று அந்த ஊருக்கு ஆட்கள் போவதற்கே அது ஒரு காரணம். கர்நாடகமும் 2007-ல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வாசலில் விற்றால் நடுவில் ஆள் இல்லை, கடன் இல்லை, அன்றைக்கே காசு. ருசி பார்க்கக் கட்டணம், அப்புறம் சாப்பாடு, போகும்போது கையில் இரண்டு புட்டி.

ஆனால் செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்? வாரத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்கு ஏழு நாள் சம்பளம். சுத்தமான கழிவறை, கார் நிறுத்த இடம், ஆங்கிலமும் கன்னடமும் பேசி ஒயினை விளக்கும் ஒரு பையன். இது திராட்சைத் தொழில் பாதி, ஓட்டல் தொழில் பாதி.

மூன்றாவது, அடுத்தவர் லேபிளுக்கு ஒயின் செய்து கொடுப்பது. நம் பெயர் வெளியே வராது. முன்பணம் மட்டும் வரும், தொட்டி சும்மா கிடக்காது.

ஒயினே வேண்டாம், குடியாத்தத்தில் திராட்சை ஜூஸ் போடலாமே என்றும் கேட்டான். கட்டிய ஜிஎஸ்டி கழியும், மதுவிலக்குத் துறைப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் லாபம் மெல்லிசு, எதிரே நிற்பவை பெரிய கம்பெனிகள். அதற்கு ஷூவே தைத்திருக்கலாம்.

என் ஓட்டு வாசல் விற்பனைக்கு. முதல் இரண்டு வருஷம் மிச்சத் தொட்டிகளில் அடுத்தவர் ஒயின் ஓடட்டும். கடை என்றால் பெங்களூரு மட்டும் போதும். நிலம் வாங்கவே கூடாது. கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று வருஷம் ஆகும், அதுவரை திராட்சையை விலைக்கு வாங்கலாம். ஓக் மரப் பீப்பாய் ஆசையும் இப்போது வேண்டாம். 225 லிட்டர் பீப்பாயில் 300 புட்டிதான் பிடிக்கும், நாலைந்து தடவை நிரப்பினால் மரத்தின் வாசம் போய்விடும். பிறகு அது வெறும் விலை உயர்ந்த டிரம்.

"கூட்டம் வருமான்னு எப்படித் தெரியும்?" என்றான். அங்கே ஏற்கெனவே நடக்கும் ஒரு ஒயினரி வாசலில் காலை பதினொன்றிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்து காரை எண்ணு என்றேன். எத்தனை கார் உள்ளே போகிறது, எத்தனை கார் பையோடு வெளியே வருகிறது, இரண்டையும் எழுது. வருகிற ஞாயிறு கிளம்புகிறோம். டிபன் அவன் கொண்டுவருகிறான், நோட்டும் பேனாவும் என் பொறுப்பு.