ரெண்டரை வருஷமா பழைய டிரஸ்ஸையே திருத்திப் போட்ட அனுபவம்: எது நின்னுச்சு, எது வீணாப் போச்சு

ரெண்டரை வருஷம் முன்னாடி அக்கா வீட்டுக்குப் போற வழில மழைல நல்லா நனைஞ்சுட்டேன், மறுநாள் காலைல அங்கிருந்தே ஆபீஸ் கிளம்ப வேண்டியதாப் போச்சு. அக்கா அவளோட பீரோலேருந்து ஒரு வெள்ளை காட்டன் சட்டைய எடுத்துக் குடுத்தா, எட்டு வருஷம் முன்னாடி வாங்குனதாம். அதைப் போட்டுட்டுப் போனா மூணு பேர் கேக்கறாங்க, புதுசா, எங்க எடுத்த, இளைச்சிட்டியா என்னன்னு. அதுக்கு முந்தின வாரம்தான் புத்தம்புதுசா ஒரு டாப்ஸ் போட்டுட்டுப் போயிருந்தேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கு சாயங்காலம் கண்ணாடி முன்னாடி அந்த சட்டையும் என்னோட புது டாப்ஸும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். வித்தியாசம் ஒரே எடத்துலதான். அக்கா சட்டைல தோள்பட்டைத் தையல் என் தோள் எலும்பு முடியற எடத்துல கச்சிதமா நிக்குது, என் டாப்ஸ்ல அந்தத் தையல் ஒண்ணரை இஞ்ச் கீழ கைல தொங்குது. அதனால கை அகலமாத் தெரியுது, அக்குள்கிட்ட துணி மடிஞ்சு மடிஞ்சு நிக்குது, மொத்த உடம்பும் தொளதொளன்னு ஒரு மூட்டை மாதிரி ஆயிடுது. நான் இத்தனை வருஷமா என் டிரஸ் பழசா இருக்கு, அதான் டல்லாத் தெரியறேன்னு நெனச்சு மாசத்துக்கு ஒண்ணு புதுசா எடுத்துட்டே இருந்தேன், அதுவும் அதே தொளதொள சைஸ்ல. பழசுங்கறது பிரச்னையே இல்ல, அளவுதான் பிரச்னை. இது புரிஞ்சதுக்கப்புறம் நான் செஞ்சது எல்லாத்தையும் இங்க எழுதறேன், ரெண்டரை வருஷம் போட்டுத் துவைச்சுப் பாத்துட்டு எழுதறதால எது தாங்குச்சு எது தாங்கலன்னு சொல்ல முடியுது.

பட்ஜெட்ட முதல்ல சொல்லிடறேன். முன்னாடி மாசாமாசம் ஒரு டாப்ஸுக்கு விட்ட காசை ஒரு டப்பால போட ஆரம்பிச்சேன், அதுக்கு மேல ஒரு பைசா எடுக்கக் கூடாதுன்னு முடிவு. அந்தக் காசுல ஏறக்கொறைய பாதி டைலருக்குப் போச்சு, மீதில பேண்ட், ஒரு பழைய ஜாக்கெட், உள்ளாடை, ஒரு ஜோடி ஷூ. டாப்ஸ் மட்டும்னு பாத்தா இந்த ரெண்டரை வருஷத்துல புதுசா நாலே நாலுதான் எடுத்திருக்கேன்.

ஒரு லீவு நாள்ல பீரோவ மொத்தமா காலி பண்ணி கட்டில்ல கொட்டினேன். 63 உருப்படி. ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கவே ரெண்டு நாள் ஆச்சு, சலிப்பா இருக்கும், ஆனா இத விட்டுட்டு வேற எதுவும் ஆரம்பிக்காதீங்க. ஷோல்டர் சரியா இருந்தா ஒரு பக்கம், இல்லன்னா இன்னொரு பக்கம். ஏன் ஷோல்டர்ன்னா, இடுப்பு, நீளம், கை நீளம் இதெல்லாம் டைலர் ஈஸியா சரி பண்ணிடுவார், ஷோல்டர் மாத்தணும்னா கைய முழுசா பிரிச்சு எடுத்து திரும்ப வெட்டி ஏத்தணும், கூலியும் ஜாஸ்தி, முன்ன மாதிரி உக்காரும்னு உறுதியும் இல்ல. ஷோல்டர் நின்னது 22. அதுல வேலைக்காகறது 15, மத்ததெல்லாம் கழுத்து நைஞ்சு போனது, அக்குள்ள மஞ்சக் கறை ஏறினது.

இன்னொன்னும் அப்பதான் கண்ணுல பட்டுச்சு. முக்காவாசி துணி ஒரே கலர் குடும்பம், பழுப்பு, சாம்பல், மண் கலர். எல்லாம் "அழுக்கு தெரியாது"ன்னு எடுத்தது. ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணா முகத்துக்குக் கீழ பிடிச்சுப் பாத்தேன், சிலது போட்டா முகமே களைச்சுப் போன மாதிரி தெரியுது, அக்காவோட வெள்ளையும் ஒரு கருநீலமும் பிடிச்சா முகம் பளிச்சுன்னு எழுந்து வருது. கடை லைட்டுல இது தெரியவே தெரியாது. அதுலேருந்து அழுக்கு தெரியாதுங்கற காரணத்துக்காக மட்டும் எதையும் எடுக்கறதில்ல.

அந்த 15ஐயும் தூக்கிட்டு டைலர்கிட்ட போனேன். இவரு மூணாவது ஆளு. முதல்ல போன எடத்துல ஒரு நல்ல பேண்ட்ட கால் கிட்ட குறுக்கச் சொன்னேன், ரொம்பவே பிடிச்சுட்டாங்க, சரி பிரிச்சு விடுங்கன்னா உள்ள இருந்த துணிய வெட்டி ஓவர்லாக் அடிச்சுட்டாங்களாம், விடறதுக்கு துணியே இல்ல. மனசு ஆறவே இல்ல எனக்கு, இருந்ததுல நல்ல பேண்ட் அதுதான். அதுக்கப்புறம் யார்கிட்ட குடுத்தாலும் முதல் வார்த்தையே "அண்ணே, வெட்டாதீங்க, உள்ள மடிச்சு வச்சே தைங்க"ங்கறதுதான். உடம்பு ஏறும் இறங்கும், ஒரு இஞ்ச் உள்ள இருந்தா பின்னாடி பிரிச்சுக்கலாம். இப்ப இருக்கற டைலர் அண்ணன் நிதானமானவர், ஒவ்வொண்ணையும் போட்டு நிக்கச் சொல்லி பின் குத்திப் பாத்துதான் எடுப்பார். பேண்ட்டோட இடுப்ப ரெண்டு இஞ்சுக்கு மேல பிடிக்கச் சொன்னா "வேண்டாங்க்கா, பின்னாடி ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்"ன்னு சொல்லிடுவார். ஒரு பேண்ட்ட அவர் பேச்சக் கேக்காம பிடிக்கச் சொல்லி வாங்கினேன், அவர் சொன்னது அப்படியே நடந்துச்சு.

டாப்ஸ் நீளந்தான் எனக்கு பெரிய மாற்றம் குடுத்துச்சு. என்னோடது பாதிக்கு மேல இடுப்புக்குக் கீழ, உடம்பு ரொம்ப அகலமா இருக்கற எடத்துல வந்து முடியும். துணி எங்க முடியுதோ அங்க கண்ணு நிக்கும், அந்த எடம் அகலமா இருந்தா ஆளே அகலமாத் தெரியும். மூணு இஞ்ச் ஏத்தி இடுப்பு எலும்புகிட்ட முடியற மாதிரி மடிச்சு அடிச்சதும் கால் நீளமாத் தெரிய ஆரம்பிச்சுது. அரைக்கை டாப்ஸ்ல கையும் அப்படித்தான், ஒரு இஞ்ச் ஏத்தினா போதும்.

இங்க ஒரு தப்பு பண்ணினேன், நீங்க பண்ணாதீங்க. புது காட்டன் பேண்ட் ஒண்ணு எடுத்த கையோட நீளம் குறைக்கக் குடுத்துட்டேன், கச்சிதமா தைச்சு வந்துச்சு, ரெண்டு தடவ துவைச்சதும் கணுக்காலுக்கு மேல ஏறி நிக்குது. காட்டன் முதல் துவைப்புல 3லேருந்து 5 சதவீதம் வரைக்கும் சுருங்கறது சகஜம், 40 இஞ்ச் நீளத்துல 3 சதவீதம்னாலே ஒரு இஞ்சுக்கு மேல. இப்பல்லாம் புதுசு எதுவா இருந்தாலும் ரெண்டு தடவ துவைச்சு காயவச்சு இஸ்திரி போட்டதுக்கப்புறம்தான் டைலர்கிட்ட போகும், போகும்போது அந்த பேண்ட்டுக்குப் போடற ஷூவும் கால்ல இருக்கும், இல்லன்னா நீள அளவு தப்பாயிடும்.

புது டாப்ஸ் நாலுல ரெண்டு வீண். ஒண்ணு பனியன் துணி, விலை குறைவா இருந்துச்சேன்னு எடுத்தேன். மூணாவது துவைப்புலயே பக்கவாட்டுத் தையல் அப்படியே சுத்திட்டு வந்து வயித்துக்கு முன்னாடி நின்னுடுச்சு, எத்தன தடவ இழுத்து விட்டாலும் திரும்ப அங்கதான் வந்து நிக்கும். அந்தத் துணி பின்னும்போதே நூல்ல முறுக்கு இருக்கும், அத சரியா அடக்காம அவசரத்துல வெட்டித் தைச்சா தண்ணி பட்டதும் அந்த முறுக்கு விடும், துணி திரும்பிடும். இப்ப கடைல எடுத்ததும் ரெண்டு தோளையும் பிடிச்சுத் தொங்க விட்டு சைடு தையல் நேரா விழுதான்னு பாக்கறேன், கடைலயே கொஞ்சம் சாஞ்சிருந்தா வீட்ல முழுசா சாஞ்சுடும்.

இன்னொன்னு பாலியஸ்டர் கலந்த ஸ்வெட்டர் மாதிரி டாப்ஸ், ஒரே மாசத்துல அக்குள்லயும் பை உரசற எடத்துலயும் குட்டிக் குட்டியா நூல் உருண்டை. காட்டன்லயும் உருண்டை வரும்தான், ஆனா அது நாளாவட்டத்துல அறுந்து விழுந்துடும், பாலியஸ்டர் நூல் கெட்டி, உருண்டைய விடவே விடாது. உருண்டைய சீவி எடுக்கற, பேட்டரில ஓடற லின்ட் ரிமூவர் ஒண்ணு வாங்கி அப்பப்ப ஓட்டறேன். மத்த ஸ்வெட்டர் எல்லாத்துக்கும் அது உயிர் குடுத்துச்சு, வாங்கினதுலயே ரொம்ப உபயோகமான சாமான் அதுதான்னு சொல்லுவேன், ஆனா இந்த டாப்ஸுக்கு மட்டும் ஓட்டி ஓட்டி துணியே மெலிஞ்சு போச்சு. வீட்ல போட்டுக்கறேன்.

பேண்ட் மூணு எடுத்தேன், கருப்பு, கருநீலம், சாம்பல், மூணும் ஒரே கட்டிங். லேபிள்ல 98 சதவீதம் காட்டன், 2 சதவீதம் எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடற நூல்)னு போட்டிருந்த ரெண்டும் இன்னைக்கும் நல்லா இருக்கு. ரொம்ப இழுபடற துணில எடுத்த மூணாவது காலைல அழகா இருக்கும், மத்தியானத்துக்குள்ள முட்டி கிட்ட பை மாதிரி புடைச்சுக்கும். இந்த எலாஸ்டேன் 1958ல டூபாண்ட் கம்பெனில ஜோசப் ஷிவர்ஸ்ங்கறவர் கண்டுபிடிச்ச சமாச்சாரம், இன்னைக்கு நாம போடற நிறைய பேண்ட்ல கொஞ்சமாவது இருக்கும், அதுக்கு சூடும் ஆகாது குளோரின் பிளீச்சும் ஆகாது. நான் அந்த சாம்பல் பேண்ட்ட சுடுதண்ணில ஊறவச்சு முழு சூட்டுல இஸ்திரி போட்டுட்டிருந்தேன், அதோட மீள்ற குணத்த நானே சீக்கிரம் முடிச்சு வச்சிருக்கேன். மத்த ரெண்டையும் உள்பக்கத்த வெளில திருப்பி பச்சத்தண்ணில துவைச்சு நிழல்லதான் காயப் போடறேன். கருப்பு இன்னும் கருப்பாவே இருக்கு. புதுத் துணிக்கு உப்பு, வினிகர் போட்டா சாயம் நிக்கும்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. சாயம் ஏத்தும்போது உப்பு உதவும், கம்பெனில ஏத்தி முடிச்ச சாயத்த வெளில இருந்து உப்பு பிடிச்சு வைக்காது.

சாயம் ஏத்தறதுன்னதும் ஞாபகம் வருது, சந்தன கலர்ல வெளுத்துப் போன காட்டன் பேண்ட் ஒண்ணுக்கு வீட்லயே கருநீலச் சாயம் ஏத்தினேன். துணி முழுக்க அருமையா ஏறுச்சு, தையல் மட்டும் சந்தன கலர்லயே நின்னுடுச்சு! தைச்ச நூல் பாலியஸ்டர், காட்டன் சாயம் அதுல ஏறாது. முதல்ல பதறிட்டேன், அப்புறம் பாத்தா ஜீன்ஸ்ல தையல் தனியாத் தெரியுமே அந்த மாதிரி எடுப்பா இருக்கு, வேணும்னு பண்ணின மாதிரி. அதிகமா பாராட்டு வாங்கினது இந்த பேண்ட்தான். பாத்திரம் கறை பிடிக்கும், கைக்கு கிளவுஸ் வேணும், முன்னாடி துணிய நல்லா ஈரமாக்கிட்டுப் போடுங்க, இல்லன்னா திட்டுத் திட்டா ஏறும்.

உள்ளாடை பத்தி யாரும் வெளிப்படையா பேசறதில்ல, நான் சொல்றேன். பத்து வருஷம் முன்னாடி எடுத்த அளவுலயே பிரா வாங்கிட்டு இருந்தேன், திரும்ப டேப் வச்சு எடுத்தா பட்டி அளவே மாறிப் போயிருக்கு. சரியான அளவுக்கு மாறினதும் பழைய டாப்ஸ் எல்லாம் மேல ஒரு இஞ்ச் ஏறி உக்காந்த மாதிரி ஆச்சு, முதுகும் நேராச்சு. டைலருக்குப் போறதுக்கு முன்னாடியே இத செஞ்சிருக்கணும், ரெண்டு டாப்ஸ மறுபடி பிடிக்க வேண்டி வந்துச்சு.

ஜாக்கெட் செகண்ட் ஹேண்ட். ஷோல்டர் அப்படியே எனக்குன்னு தைச்ச மாதிரி, ஆனா அக்குள்கிட்ட லைனிங் கிழிஞ்சிருந்துச்சு, பட்டன் எல்லாம் பளபளன்னு பிளாஸ்டிக். லைனிங் கிழிசல டைலர் அண்ணன் சரி பண்ணினார், பட்டன நானே மாத்தினேன், மங்கலான கருப்புல கொஞ்சம் கனமான பட்டன். பட்டன் மாத்தினா ஒரு துணியோட தோரணையே மாறுதுங்க, பழைய சட்டை ரெண்டுக்கும் பண்ணிட்டேன்.

நடுவுல ப்ராஜெக்ட் 333ன்னு ஒண்ணு முயற்சி பண்ணினேன். கோர்ட்னி கார்வர்ங்கறவங்க 2010ல ஆரம்பிச்சது, மூணு மாசத்துக்கு துணி, ஷூ, நகை, பை எல்லாம் சேத்து 33 உருப்படிதான், உள்ளாடை, தூங்கறப்ப போடற துணி, உடற்பயிற்சி டிரஸ் கணக்குல வராது. மூணு மாசம் முடிக்கும்போது ஒரு உண்மை தெரிஞ்சுது, என்கிட்ட டாப்ஸ் குறைவே இல்ல, ஒழுங்கான பேண்ட்டும் ஷூவும்தான் குறைச்சல். அந்த மூணு பேண்ட் வாங்கினது அதுக்கப்புறம்தான். தொடர்ந்து அப்படி இருக்க எனக்குப் பிடிக்கல, மழைக்கால டிரஸ் மாத்தி மாத்தி காய வேண்டியிருக்கு, 33 பத்தாது. இப்ப 41ல நிக்குது.

இன்னும் சரியாகாதது ஒண்ணு இருக்கு, நல்ல கனமான நீளக் கோட், ஷோல்டர் ஒரு இஞ்ச் இறங்கியிருக்கு. கூலி கேட்டா அந்தக் காசுக்கு வேற கோட்டே வாங்கலாம் போல, மனசு வராம வச்சிருக்கேன்.

அக்காவோட வெள்ளை சட்டைய நான் திருப்பிக் குடுக்கவே இல்ல, அவளும் கேக்கல. போன மாசம் காலர் மடிப்புல நூல் பிசிறு பிசிறா வர ஆரம்பிச்சுது. டைலர் அண்ணன்கிட்ட காட்டினா கைல வாங்கி காலரத் திருப்பிப் பாத்துட்டு, "உள்பக்கம் புதுசாவே இருக்குங்க்கா, காலரப் பிரிச்சு திருப்பி வச்சு தைச்சுடறேன், இன்னும் நாலு வருஷம் வரும்"ன்னார். சனிக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்கார்.