ரப்பர் மேசையா, தேக்கு மேசையா?

செங்கோட்டையில் மேசை வாங்கப் போனால் பேச்சு இரண்டில்தான் வந்து நிற்கும். மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் வட்டாரத் தோட்டங்களின் ரப்பர் பலகை, இல்லையென்றால் தேக்கு.

ரப்பர் மரத்தை யாரும் மேசைக்காக வளர்ப்பதில்லை. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம், மறுநடவுக்காக எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். முன்பெல்லாம் விறகாகப் போனது. அதனால் என் ஓட்டு இதற்கே. (அந்தத் தோட்டமே ஒரு காலத்தில் காடாக இருந்திருக்கலாம், அது வேறு கதை.) ஆனால் வெட்டிய சில நாளிலேயே பலகையில் பூஞ்சையால் நீலம் பூக்கும், பூச்சி துளைக்கும். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகைதானா என்று கேளுங்கள். மேசையைக் கவிழ்த்தும் பாருங்கள்: குண்டூசித் துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வேண்டாம். ஈரம் படும் இடத்துக்கு ஆகாது.

சாரல் அடிக்கும் வாசல் நிலைக்குத் தேக்குதான். கேரளத்து நிலம்பூரில் 1840களிலேயே அதைத் தோட்டமாக நடத் தொடங்கிவிட்டார்கள். வனத்துறை டிப்போவில் எடுத்த மரத்துக்குச் சீட்டு இருக்கும். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, மரம் நல்ல மரம்" என்று கடைக்காரர் சொன்னால் நடையைக் கட்டலாம். தேக்கின் விலைதான் அதிகம், ரப்பர் அதன் பக்கத்திலேயே வராது.

காட்டைக் கெடுக்காமல் எடுத்த மரம் என்று சான்று தரும் எஃப்எஸ்சி முத்திரை இருந்தால் சரி. அதில் 'மிக்ஸ்' என்று போட்டிருந்தால், மொத்த மரமும் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை.